கொடைக் கணக்கில் நாற்பது ரூபாய்

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கொடை, அதாவது வருஷத் திருவிழா, முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை கணக்கு வாசிப்பார்கள். கொடைக்கு வராதவர்கள்கூட அன்றைக்குத் தவறாமல் வந்துவிடுவார்கள். வில்லுப்பாட்டுக்குக் கூடுகிற கூட்டத்தைவிடக் கணக்குக்குக் கூடுகிற கூட்டம் பெரிது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் சிரிக்க மாட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சித்தப்பாதான் பொருளாளர். கணக்கு எழுதியது நான். நாகர்கோவிலில் ஒரு தனியார் கம்பெனியில் எனக்கு அக்கவுண்ட்ஸ் வேலை. அதனால் ஆபீசிலிருந்து வந்து ராத்திரி உட்கார்ந்து ரசீதுகளை ஒட்டி, வரவு, செலவு, கையிருப்பு என்று மூன்று தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுதலாம், வாசிக்கக் கூடாது. வாசிப்பது ஆண்கள் காரியம். சித்தப்பா ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்று வாசிக்க, நான் சுவரோரம் பெண்கள் பக்கம் நின்றேன்.

குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற தலைக்கட்டு வரி, நன்கொடை, பந்தல், மைக்செட், மேளம், வில்லு, பொங்கலுக்கு அரிசி, தோவாளைச் சந்தையில் எடுத்த பூ என்று வரிசையாகப் போய்க் கற்பூரத்தில் வந்து நின்றது. கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு அண்ணாச்சி எழுந்தார்.

"கற்பூரத்துல நாப்பது ரூவா கூடுதலா இருக்கே. போன வருசமும் இதே கடைதான?"

"விலை ஏறிட்டு அண்ணாச்சி."

"ஏறட்டும். துண்டு இருக்கா?"

துண்டு இருந்தது, நான் ஒட்டியிருந்தேன். அது கை மாறி மாறி நான்கு பேர் பார்த்து, ஒருத்தர் கண்ணாடி போட்டுப் பார்த்து, தேதி சரிதானா என்று இன்னொருத்தர் பார்த்து, சித்தப்பாவுக்குத் திரும்பி வர கால் மணி நேரம் ஆனது. எனக்கு எரிச்சல் வந்தது. நாற்பது ரூபாய்க்கு இத்தனை பாடா?

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் கவனித்தேன். அதே அண்ணாச்சி வீட்டு வாசலில் சாக்கடை ஓடையை மூடுகிற ஸ்லாப் உடைந்து கிடந்தது. உடைந்து ஆறு மாதம் இருக்கும். யாரோ ஒரு தென்னை மட்டையை நட்டு வைத்திருந்தார்கள், ராத்திரி வருகிறவர்கள் பார்த்து ஒதுங்கிப் போகட்டும் என்று. மட்டை காய்ந்து சாய்ந்ததும் புது மட்டை வைத்தார்கள். அதற்குள் ஒரு பையன் சைக்கிளோடு விழுந்து நெற்றியில் மூன்று தையல். அந்த ஸ்லாப்பைப் பற்றி அண்ணாச்சி யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மட்டை வைத்ததே பெரிய பொதுத்தொண்டு என்று தெருவே நினைத்திருந்தது.

கற்பூரத்துக்கு ரசீது கேட்கிற ஊர் ஸ்லாப்புக்கு ஏன் கேட்பதில்லை? ரொம்ப நாள் இது மண்டைக்குள் ஓடியது. கொடைப் பணம் நம் மடியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தது, ஸ்லாப் 'சர்க்கார் காரியம்' என்பதுதான் பதில் என்று தோன்றியது. ஆனால் தொழில் புத்தி விடுமா? சர்க்கார் காரியத்துக்குள் நம் மடிப்பணம் எவ்வளவு என்று பார்த்துவிடலாமே என்று உட்கார்ந்தேன்.

எங்கள் தெரு நாகர்கோவிலின் விளிம்பில், சானல்கரையை ஒட்டி இருக்கிறது. 34 வீடு, நீளம் சுமார் 260 மீட்டர். வீட்டு வரி எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கேட்டுப் போனபோது சிலர் சொன்னார்கள், சிலர் 'எதுக்கு மக்கா?' என்றார்கள். தெரிந்ததை வைத்து ஒரு சராசரி போட்டேன். அரையாண்டுக்கு வீட்டுக்கு 1,300 ரூபாய் வாக்கில் வந்தது. வருஷத்துக்கு மொத்தத் தெருவும் சேர்ந்து 88,400. தெருவை முன்பு ஒருமுறை புதுப்பித்தபோது வைத்த பணி விவரப் பலகை இன்னும் மின்கம்பத்தில் தொங்குகிறது. அதில் மதிப்பீடு பதிமூன்றரை லட்சம். வகுத்துப் பார்த்தால் பதினைந்து வருஷ வரி. விளக்கு, குப்பை, தண்ணீர் எதற்கும் ஒரு பைசா எடுக்காமல் ரோட்டுக்கு மட்டுமே போட்டால் இந்தக் கணக்கு. எங்கள் ஊர் மழைக்கு எந்த ரோடு பதினைந்து வருஷம் தாங்கும்? ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு பருவமும் வந்து கொட்டுகிற மாவட்டம் இது.

இது முரட்டுக் கணக்குதான். மாநகராட்சிக்குக் கடை வாடகை உண்டு, தொழில்வரி உண்டு, மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற பங்கு உண்டு. அதெல்லாம் தெரிந்தேதான் சொல்கிறேன். வாசலுக்கு முன்னால் கிடக்கிற சொத்தைத் திரும்பச் செய்ய, வாசலுக்குப் பின்னால் இருப்பவர்கள் கட்டுவது போதாது என்றால் மீதி எங்கிருந்தோ வர வேண்டும். வராத வருஷம் தென்னை மட்டைதான்.

இதே கணக்கைக் கோட்டாறு பக்கம் என் ஆச்சி வீடு இருந்த தெருவுக்குப் போட்டுப் பார்த்தேன். சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள், முகப்பு பதினாறு அடிதான், உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி நீளும். நூறு மீட்டர் தெருவில் ஒரு பக்கம் 20 வீடு, இரண்டு பக்கமும் 40. இப்போது ஊருக்கு வெளியே வயலை நிரவிப் போடுகிற 'நகர்'களில் பத்து சென்ட் மனைக்கு ஐம்பது அடி முகப்பு. அதே நூறு மீட்டரில் இரண்டு பக்கமும் சேர்த்துப் பதிமூன்று வீடு தேறும். குழாய் அதே நூறு மீட்டர். விளக்குக் கம்பம், ஓடை, குப்பை வண்டி போகிற தூரம் எல்லாம் அதேதான். ஆச்சி தெருவில் 40 பேர் பங்கு போட்டதை இங்கே 13 பேர் சுமக்கிறார்கள். ஆச்சி தெருவைப் பார்த்து 'நெருக்கடி, பழசு' என்று மூக்கைச் சுளிக்கிறோம். ஊர்க் கணக்கில் அந்தத் தெருதான் வரவு வைக்கிற தெரு, பெரிய காம்பவுண்டுச் சுவர் நகர் செலவு வைக்கிற தெரு. இது எனக்கே கசப்பான கண்டுபிடிப்பு. நான் இருப்பதும் செலவு வைக்கிற தெருவில்தான்.

2022 ஏப்ரலில் சொத்துவரியை ஏற்றினார்கள். எங்களைப் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். தெருவில் பெரிய கொந்தளிப்பு. மத்திய அரசின் 15-வது நிதிக்குழு போட்ட நிபந்தனையைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. சொத்துவரி வசூல் மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சியை ஒட்டி ஏறாத நகரங்களுக்கு மத்திய மானியம் கிடையாது என்றது அது. தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் போடாதவர்களுக்கும் கிடையாது. நாம் நிலுவை வைத்தால் நம் பணம் மட்டுமல்ல, மேலேயிருந்து வர வேண்டியதும் சேர்ந்து நின்றுபோகும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் முப்பது நாளைக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி என்பதும் பலருக்குத் தெரியாது. என் அம்மாவே பத்து வருஷமாக மார்ச் கடைசியில் வரிசையில் நின்று கட்டிக்கொண்டிருந்தாள்.

வரியைக் கட்டாமல் கேள்வி கேட்பவரையும் எனக்குப் பிடிக்காது, வரியைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்பவரையும் பிடிக்காது. கொடையில் தலைக்கட்டு வரி கட்டாதவன் கணக்கில் எழுந்து பேச முடியாது. கட்டினவன் நாற்பது ரூபாய்க்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். ஊர் அவனுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. மாநகராட்சிக்கும் இதே முறையைக் கொண்டுபோனால் என்ன?

அதற்கு இடமும் இருக்கிறது, பெயர் பகுதி சபை. கிராமசபை எல்லோருக்கும் தெரியும். நகரத்துக்கு அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று பல வருஷம் பேசி, 2022-ல்தான் தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தன. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று வருஷத்துக்கு நான்கு நாள். அந்தப் பகுதியில் ஓட்டுள்ள எல்லோரும் உறுப்பினர்கள். முதல் கூட்டங்கள் நடந்தது 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று. அது எங்கள் மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும்கூட, அதனால் எங்களுக்கு உள்ளூர் விடுமுறை. லீவு நாளில் குமரி மாவட்டத்துக்காரனைக் கூட்டத்துக்கு இழுப்பது எவ்வளவு கஷ்டம் என்று விதி எழுதினவர்களுக்குத் தெரிந்திருக்காது.

நான் முதலில் போன கூட்டத்தில் கவுன்சிலரோடு சேர்த்துப் பதினொரு பேர். அதில் மூன்று பேர் ஊழியர்கள். மீதிப் பேர் ஆளுக்கொரு மனுவோடு வந்திருந்தார்கள், தன் வீட்டு முன்னால் விளக்கு, தன் வீட்டு முன்னால் குப்பைத் தொட்டி (வேண்டாம் என்று). நானும் ஸ்லாப்புக்கு மனு கொண்டுபோயிருந்தேன். என்னைச் சேர்த்துதான் சொல்கிறேன். எழுதி வாங்கிக்கொண்டார்கள், சாயா கொடுத்தார்கள், முடிந்தது. அடுத்த கூட்டத்துக்கு நான் மனு கொண்டுபோகவில்லை, ஒரு பட்டியல் கொண்டுபோனேன். தெருவில் எத்தனை விளக்கு, எத்தனை எரிகிறது, எத்தனை ஸ்லாப், எத்தனை உடைந்தது, ஓடை எங்கே அடைத்திருக்கிறது. கையால் வரைந்த ஒரு படம், கீழே 22 வீட்டுக் கையெழுத்து. நான் கேட்ட முதல் கேள்வி, 'இந்த வருஷம் நம்ம வார்டுக்கு ஒதுக்கினது எவ்வளவு, செலவானது எவ்வளவு?' என்பது. கவுன்சிலர் நல்ல மனிதர். உண்மையைச் சொன்னார். "மேடம், இத இதுவரை யாரும் கேட்டதில்ல. நானே கேட்டுத்தான் சொல்லணும்."

கேட்டுச் சொன்னார். அந்தத் தொகையை இங்கே எழுத மாட்டேன், எங்கள் வார்டுக்காரர்கள் கூட்டத்துக்கு வந்து தெரிந்துகொள்ளட்டும். ஆனால் அந்த எண் வெளியே வந்த பிறகு பேச்சு மாறிவிட்டது. 'அலங்காரத் தரைக்கல் போடுங்க' என்று முன்பு கேட்டவரே, 'இருக்கிற ரோட்டுல ஓட்டை அடைச்சா எவ்வளவு மிச்சம்?' என்று கேட்க ஆரம்பித்தார்.

களியக்காவிளை தாண்டிப் பாறசாலையில் எங்கள் மைனியின் தங்கை இருக்கிறாள். அவளிடம் பகுதி சபையைப் பெருமையாகச் சொன்னேன். சிரித்தாள். கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கினபோதே திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். அதில் எது முதலில் எது பிறகு என்று கிராம சபையில் பேசுகிறார்கள். ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதம் வந்து பிளாஸ்டிக்கை எடுத்துப்போகிறார்கள், இவள் ஐம்பது ரூபாய் கொடுக்கிறாள். "முதல்ல நாங்களும் முணுமுணுத்தோம்" என்றாள். இங்கே வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்துப் புகை வருகிற நாட்களில் ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அந்த ஐம்பது ரூபாய் என் ஞாபகத்துக்கு வரும். மக்கும் குப்பையை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் கிடங்குக்குப் போகிற லாரி குறையும், டீசல் குறையும், புகை குறையும். எங்கள் பக்கம் வீட்டுக்கு இரண்டு தென்னையாவது உண்டு, தென்னை மூட்டில் குழி வெட்ட என்ன தடை? தடை எதுவும் இல்லை, சோம்பல்தான். நான் குழி வெட்டவே ஒன்றரை வருஷம் ஆனது.

அடுத்தது முக்கு.

எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேர்கிற முக்கு அகலமாக, வாய் பிளந்த மாதிரி இருக்கும். பைக்கில் வருகிறவன் வேகத்தைக் குறைக்காமலே வளைத்துவிடலாம். பக்கத்தில் பள்ளிக்கூடம். மெயின் ரோட்டில் கனிமவள லாரிகள். அந்த இடத்துக்கு எங்கள் ஊர் கண்ட முதல் மருந்து வழக்கமானதுதான். வீடு கட்டி மிஞ்சின கான்கிரீட்டை ஒரு ராத்திரியில் ரோட்டுக்குக் குறுக்கே கொட்டி மேடாக்கினார்கள். ஒரு அடி அகலம், அரை அடி உயரம், பெயிண்டும் கிடையாது. இரண்டாம் நாள் மழையில் ஒரு பெண் ஸ்கூட்டியோடு தூக்கியெறியப்பட்டாள். வேகத்தடை போடுவதற்கு அளவு உண்டு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்வது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும், அதாவது இரண்டு ஆள் நீளவாக்கில் அடுத்தடுத்துப் படுத்தால் அடங்குகிற அகலம். 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு வலிக்காது, வேகமாக வருகிறவனுக்கு மட்டும் வலிக்கும். நம்முடையது எல்லோருக்கும் வலிக்கும், முதலில் கர்ப்பிணிக்கும் கிழவருக்கும் வலிக்கும்.

அதை உடைத்து எடுத்த பிறகு என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தபோது எனக்குக் கோட்டாறு சவேரியார் திருவிழா ஞாபகம் வந்தது. டிசம்பர் 3 வரை பத்து நாள், கோவில் முன்னால் ரோட்டின் இரண்டு பக்கமும் கடை. பேரீச்சம்பழம், வளையல், பலூன். பஸ்சும் காரும் ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஊரும். யாரும் போர்டு வைக்கவில்லை, அபராதம் போடவில்லை. ரோடு குறுகலாகத் தெரிந்தால் கால் தானாகப் பிரேக்கில் இறங்குகிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர் போகிற விபத்து 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் குறைத்தாலும் அதே கணக்குதானே?

கவுன்சிலர் வழியாகப் போக்குவரத்துப் போலீசிடம் சொல்லி, ஒரு வாரத்துக்கு என்று வாய்மொழி அனுமதி வாங்கினோம். பழைய டயர்களுக்கு வெள்ளை அடித்து முக்கின் வாயைக் குறுக்கி அடுக்கினோம். டயர் என்றதும் சுகாதார ஆய்வாளர் ஓடி வந்தார். கொசு. அவர் சொன்னது நியாயம். டயர் நிறைய மண் போட்டு, செம்பருத்திக் கம்பு நட்டுக் கொடுத்தோம். அதற்கு முன்னும் பின்னும் பிள்ளைகளை வைத்து ஒரு காரியம் செய்தோம். இரண்டு மின்கம்பத்துக்கு இடையே 30 மீட்டர் அளந்து, மொபைலில் ஒவ்வொரு வண்டியும் கடக்கிற நேரத்தைக் குறித்தார்கள். மூன்று வினாடியில் கடந்தால் 36 கிலோமீட்டர் வேகம், ஐந்து வினாடியென்றால் 21 சொச்சம். டயர் வைப்பதற்கு முன் மூன்று வினாடிக்காரர்கள்தான் அதிகம். வைத்த பிறகு ஐந்து, ஆறு. பிள்ளைகள் நோட்டு முழுக்கக் கோடு போட்டு எழுதியிருந்தார்கள். அந்த நோட்டைப் பகுதி சபையில் வைத்தபோது முதன்முதலாக ஒரு பொறியாளர் எழுந்து வந்து புரட்டிப் பார்த்தார்.

சிமெண்டில் முக்கு கட்டித் தருவதாகச் சொன்னார்கள். ஒரு வருஷம் ஆகிறது, இன்னும் கட்டவில்லை. டயர்கள் மட்டும் நிற்கின்றன. இரண்டை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், செம்பருத்தியோடு.

வாடகை விஷயத்தில் எனக்கு ஊரோடு ஒரு சண்டை உண்டு. 2011 கணக்கெடுப்பில் எங்கள் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், தமிழ்நாட்டுச் சராசரி 555. சரியாக இரண்டு மடங்கு. இடம் இல்லை, அதனால்தான் சென்ட் விலை கண்ணைக் கட்டுகிறது என்கிறோம். ஆனால் எங்கள் தெருவின் 34 வீட்டில் ஐந்து பூட்டிக் கிடக்கிறது. உடையவர்கள் வளைகுடாவில், ஒருத்தர் கனடாவில். மாதம் ஒருமுறை சொந்தக்காரர் வந்து தூத்துவிட்டுப் போவார். இன்னும் பல வீட்டில் மாடி கட்டி, மகன் வருவான் என்று சும்மா வைத்திருக்கிறார்கள். ஆசாரிப்பள்ளம் பக்கம் வேலை பார்க்கிற நர்ஸ் பிள்ளைகள் வீடு கிடைக்காமல் அலைகிறார்கள். வீடு கேட்டு வருகிறவளிடம் நாம் கேட்கிற முதல் கேள்வி சம்பளமோ வேலையோ இல்லை. 'நீங்க எந்த ஆளுவ?', அதாவது என்ன ஜாதி. பதில் திருப்தி இல்லையென்றால், 'மகன் வருகான், குடுக்குகதுக்கு இல்ல.' வராத மகன்களால் இந்த ஊரில் ஒரு காலனியே நிரம்பும்.

அம்மாவும் அப்படித்தான் இருந்தாள். மாடியை ஏழு வருஷம் பூட்டி வைத்திருந்தாள். வாடகைக்கு விட்டால் காலி செய்ய மாட்டார்கள் என்கிற பயம், ஒற்றிக்கு விட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்கிற பயம். 2017-ல் புது வாடகைச் சட்டம் வந்து 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது, எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிந்துகொள்ளலாம், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று எடுத்துச் சொன்னேன். சட்டத்துக்கு அவள் மசியவில்லை. ஒருநாள் ராத்திரி சுகர் இறங்கி மயங்கி விழுந்தாள். நான் ஆபீஸ் ஆடிட்டில் இருந்தேன். கண்டுபிடித்தது பால்காரர், காலையில். அடுத்த மாதம் மாடிக்கு இரண்டு நர்ஸ்கள் வந்தார்கள். எந்த ஆளுகள் என்று அம்மா கேட்டாளா என்று தெரியாது, கேட்டிருப்பாள். இப்போது அவர்கள் டூட்டி முடிந்து வருகிற நேரம் வரைக்கும் வாசல் விளக்கை அணைக்க மாட்டாள். ராத்திரி பத்தரைக்கு எங்கள் தெருவில் ஒரு வாசல் வெளிச்சமாக இருப்பதற்கு மாநகராட்சிக்கு ஒரு பைசா செலவில்லை. அதே ரோடு, அதே குழாய், கூட இரண்டு பேர். ஆச்சி தெருக் கணக்கை நோக்கி ஒரு அடி.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரைக்கும் சுயசான்று முறையில் இணையத்தில் அனுமதி வாங்கும் வசதி 2024 ஜூலையில் வந்துவிட்டது. அலைய வேண்டாம். ஆனால் அதைச் சாக்காக வைத்து ஏலாவில், அதாவது வயல்வெளியில், மண் அடித்துக் கட்டாதீர்கள். ஆச்சி தெரு மாதிரிப் பழைய தெருக்களில் இடிந்து கிடக்கிற மனை எத்தனை இருக்கிறது, அங்கே கட்டுங்கள். வயல் வெள்ளத்தைத் தேக்கி வைக்கிற இடம். 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பழையாறு கரை புரண்டபோது ஒழுகினசேரிப் பக்கம் தண்ணீர் எங்கே போய் நின்றது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீருக்கு வழி மறப்பதில்லை. நமக்குத்தான் மறந்துபோகிறது, பத்திரத்தில் 'நஞ்சை' என்று இருந்தது 'மனை' ஆனதும்.

எங்கள் ஓடையும் கடைசியில் அப்படி ஒரு பழைய வயல் மடையில்தான் போய் விழுகிறது. அதைத் தூர்வாரினால் பாதித் தெருவுக்கு நல்லது என்று நமக்கு நாமே திட்டத்தில் கேட்டோம். மூன்றில் ஒரு பங்கு நாம் போட வேண்டும், மீதியை அரசு போடும். பங்கு வசூலிக்கக் கோயில் நோட்டையே எடுத்தோம். தலைக்கட்டு வரி மாதிரி. ஆனால் இந்த வசூலில் கோயில் வரிக்குள் வராத வீடுகளும் சேர வேண்டும், கிறிஸ்தவக் குடும்பங்கள் பதினொன்று, முஸ்லிம் குடும்பங்கள் மூன்று, பிறகு வாடகைக்காரர்கள். முதலில் சிலர் முகத்தைச் சுருக்கினார்கள். 'கோயில் நோட்டுல எழுதினா நாங்க தரமாட்டோம்' என்று ஒரு சர்ச் கமிட்டி அண்ணன் வெளிப்படையாகவே சொன்னார். நியாயம்தான். பத்து ரூபாய்க்குப் புது நோட்டு வாங்கினேன். அட்டையில் 'ஓடை' என்று மட்டும் எழுதினேன். அவர்தான் முதலில் கொடுத்தார்.

சொல்லிவிட வேண்டும், எல்லாம் நடந்துவிடவில்லை. தூர்வாரினது பாதி தூரம்தான். மேலே ஒருத்தர் ஓடை மேலேயே கார் ஷெட் கட்டியிருக்கிறார், அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போட்டேன். பதில் வந்தது, படித்துப் பார்த்தால் பதில் இல்லை. அந்தச் சட்டத்தில் நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியை எடுத்துக்கொள்ளவும் உரிமை இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த முறை ரோடு போடும்போது ஒரு டப்பாவோடு போய் நிற்கப்போகிறேன். சித்தப்பா இதைக் கேட்டு, "உன்ன கட்டிக் குடுத்த வீட்டுக்காரங்க பாவம்" என்றார்.

ஸ்லாப் மாற்றிவிட்டார்கள். ஒன்றல்ல, மூன்று. பட்டியலில் ஏழு இருந்தது.

இந்த வருஷக் கொடைக் கணக்கில் சித்தப்பா பொருளாளர் இல்லை. புதுப் பொருளாளர் சின்னப் பையன், பேங்கில் வேலை. வழக்கம்போல மூன்று தாள் எழுதிக் கொடுத்தேன். கூடவே நான்காவதாக ஒரு தாள், தலைப்பு 'தெரு' என்று. அவன் கற்பூரம் வரை நன்றாக வாசித்தான். நான்காவது தாளுக்கு வந்ததும் என் கையெழுத்துச் சுருக்கங்கள் புரியாமல் திணறி, "அக்கா, இத நீங்களே வாசிச்சிருங்க" என்று கூப்பிட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா மேலே ட்யூப் லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசித்தேன். ஓடை நோட்டு வரவு, செலவு, கையிருப்பு. உடைந்த ஸ்லாப் ஏழில் மாற்றியது மூன்று. முக்கில் டயர் பன்னிரண்டில் இருப்பது பத்து. வீட்டு வரி நிலுவை வைத்திருப்பவர்கள் ஆறு பேர், பெயர் சொல்லவில்லை. தெருவிளக்கு பதினொன்று, எரிவது ஒன்பது.

கடைசி வரிசையில் அண்ணாச்சி எழுந்தார்.

"ஒம்பதுங்குக. எங்க முக்குல உள்ளது நேத்து ராத்திரியே அணைஞ்சு போச்சு. எட்டாக்கும்."

பேனா கேட்டு வாங்கி, எட்டு என்று திருத்தினேன்.